சிறு நாடுகளின் காவலர் டாக் ஹமர்ஷெல்ட்



உலகின் ஏதோ ஒரு மூலையில் போர் மூண்டு, குழந்தைகளும் முதியோரும் மடிகிறார்கள் என்ற செய்தி வரும்போது, நம் வீடுகளில் ஒரு கேள்வி எழுவது வழக்கம். ஐக்கிய நாடுகள் சபை என்று ஒன்று இருக்கிறதே, அது என்ன செய்துகொண்டிருக்கிறது என்பதே அக்கேள்வி. கேட்பவரின் குரலில் ஏமாற்றமும் கோபமும் கலந்திருக்கும். அதில் நியாயமும் உண்டு. ஆனால் அச்சபையால் எது முடியும், எது முடியாது, அதன் கைகளைக் கட்டிப்போடுபவர் யார் என்பவற்றை அறிந்துகொண்டு கேட்பது நல்லதல்லவா? அதற்கு உதவக்கூடியது, அச்சபையின் இரண்டாவது செயலாளர் நாயகமாக எட்டாண்டுகளுக்கு மேல் உழைத்து, அப்பணியிலேயே உயிர்நீத்த டாக் ஹமர்ஷெல்ட் அவர்களின் வாழ்க்கை. அதனை இங்கே சுருக்கமாகத் தருகிறோம்.

இளமைப் பருவம்

டாக் ஹமர்ஷெல்ட் 1905ஆம் ஆண்டு யூலை மாதம் 29ஆந் திகதி சுவீடன் நாட்டிலுள்ள யோன்ஷோப்பிங் நகரிற் பிறந்தார். நான்கு ஆண்மக்களுள் இவரே கடைக்குட்டி. தந்தையார் ஹ்யால்மர் ஹமர்ஷெல்ட் பெரிய சட்ட அறிஞர். 1907இல் ஹேக் நகரில் நடைபெற்ற சமாதான மாநாட்டிலே சுவீடனின் பிரதிநிதியாக இருந்தவர். முதலாம் உலகப் போர் தொடங்கிய 1914ஆம் ஆண்டில் அவர் நாட்டின் பிரதமரானார். போரிற் கலந்துகொள்ளாமல் நாட்டைக் காத்தார். ஆயினும் உணவுப் பஞ்சம் வந்தபோது மக்கள் அவர்மீதே பழி சுமத்தினர். 1917இல் அவர் பதவி விலகினார். தந்தை நன்றி பெறாமற் போனதைப் பதினொரு வயதிற் கண்ட மகன், கடமையைச் செய்வதற்குக் கைதட்டல் தேவையில்லை என்ற பாடத்தை அன்றே கற்றுக்கொண்டார் எனலாம்.

தாயார் அக்னெஸ் ஆழ்ந்த இறைபக்தி உள்ளவர். குடும்பம் லுத்தரன் சபையைச் சேர்ந்தது. அவர்கள் வாழ்ந்த உப்சலா நகரின் பேராயரும், பிரிந்திருந்த கிறிஸ்தவ சபைகளை ஒன்றுகூட்ட உழைத்து 1930இல் நோபல் சமாதானப் பரிசு பெற்றவருமான நாதன் சோடர்புளும் இக்குடும்பத்தின் நெருங்கிய நண்பர். இத்தகைய சூழலில் வளர்ந்த டாக், படிப்பில் முதல்வராக விளங்கினார். பொருளியலிற் கலாநிதிப் பட்டம் பெற்றார். முப்பத்தொரு வயதிலேயே நிதி அமைச்சின் நிரந்தரச் செயலாளரானார். பின்னர் சுவீடனின் மத்திய வங்கிச் சபைக்கும் தலைவரானார்.

அவர் திருமணஞ் செய்துகொள்ளவில்லை. ஓய்வு கிடைத்தால் வடக்கே பனிமலைகளில் தனியே நடப்பார். இலக்கியம் வாசிப்பார். பார்ப்பவர்களுக்கு அவர் அதிகம் பேசாத, கணக்கிலும் கோவைகளிலும் மூழ்கிய ஓர் அரசாங்க உத்தியோகத்தராகவே தோன்றினார்.

எதிர்பாராத அழைப்பு

இந்தத் தோற்றமே அவரை நியூ யோர்க்குக்குக் கொண்டுசென்றது. ஐ.நா. சபையின் முதலாவது செயலாளர் நாயகமான நோர்வே நாட்டவர் திரிக்வே லீ, கொரியப் போரின்போது சோவியத் யூனியனின் பகைக்கு ஆளாகிப் பதவி விலக நேர்ந்தது. அடுத்தவர் யார் என்பதில் வல்லரசுகள் உடன்படவில்லை. ஒருவர் முன்மொழிந்தவரை மற்றவர் நிராகரித்தார். ஈற்றிலே, எவருக்கும் தொல்லை கொடுக்கமாட்டார் என்ற எண்ணத்தில் ஹமர்ஷெல்ட்டின் பெயருக்கு எல்லோரும் தலையசைத்தனர். 1953ஆம் ஆண்டு மார்ச் மாதத்தின் கடைசி இரவில் இச்செய்தியைப் பத்திரிகையாளர் அறிவித்தபோது, முட்டாள்கள் தினக் கேலியென்றே அவர் நினைத்தாராம். ஏப்ரில் 10ஆந் திகதி பதவிப் பிரமாணஞ் செய்துகொண்டார்.

வல்லரசுகள் எதிர்பார்த்தது ஒரு நல்ல எழுதுவினைஞரை. கிடைத்தவரோ முதுகெலும்புள்ள மனிதர். அக்காலத்தில் அமெரிக்காவிற் கொம்யூனிஸ்ட் வேட்டை உச்சத்தில் இருந்தது. எஃப்.பி.ஐ. எனப்படும் அமெரிக்கப் புலனாய்வுப் பொலிசார் ஐ.நா. தலைமையகக் கட்டடத்திற்குள்ளேயே இருந்துகொண்டு பணியாளர்களை விசாரித்து வந்தனர். புதிய செயலாளர் நாயகம் அவர்களை அங்கிருந்து வெளியேற்றினார். ஐ.நா. பணியாளர் எந்த அரசாங்கத்திடமிருந்தும் கட்டளை பெறலாகாது என்று சாசனத்தின் 100ஆம் உறுப்புரை கூறுகிறது. பல நாடுகள் சேர்ந்து நடத்தும் ஒரு நிறுவனத்தில் உத்தியோகத்தர் ஒவ்வொருவரும் தத்தம் நாட்டுக்கே வேலை செய்தால், அந்நிறுவனத்தை யார் நம்புவர்? வாழ்நாள் முழுவதும் அவர் விட்டுக்கொடுக்காத கொள்கை இதுவே.

வெற்றியும் தோல்வியும்

முதற் பெருஞ்சோதனை சீனாவிலிருந்து வந்தது. கொரியப் போரின்போது பிடிபட்ட பதினொரு அமெரிக்க விமானப்படையினரை ஒற்றர் என்று கூறிச் சீனா 1954இற் சிறையிலிட்டது. அப்போது மக்கள் சீனத்திற்கு ஐ.நா. சபையில் இடம் இல்லை. அமெரிக்கா அதனை அங்கீகரிக்கவும் இல்லை. ஹமர்ஷெல்ட் 1955 ஜனவரியிலே தாமே பீக்கிங் சென்று பிரதமர் சூ என்லாயுடன் பேசினார். மிரட்டலின்றி, விளம்பரமின்றி நடந்த பேச்சு அது. பல மாதப் பொறுமைக்குப் பின், அவர் தமது ஐம்பதாவது பிறந்தநாளைக் கடந்த அதே வாரத்தில் அப்பதினொருவரும் விடுதலையாயினர்.

அதே 1955ஆம் ஆண்டு டிசெம்பர் 14ஆந் திகதி நமது இலங்கையும் ஐ.நா. சபையில் அங்கத்துவம் பெற்றது. அதற்கு முன் பல ஆண்டுகளாக நமது விண்ணப்பம் சோவியத் யூனியனின் இரத்து அதிகாரத்தாற் தடைப்பட்டிருந்தது. நாம் ஏதும் பிழை செய்ததனால் அன்று. வல்லரசுகளின் பேரத்திற் சிக்கியதனாலேயே அப்படி நேர்ந்தது. அன்று பதினாறு நாடுகள் ஒன்றாகச் சேர்த்துக்கொள்ளப்பட்டன.

மறு ஆண்டு சுயெஸ் நெருக்கடி வந்தது. எகிப்திய அதிபர் நாசர் 1956 யூலையில் சுயெஸ் கால்வாயைத் தேசியமயமாக்கினார். ஒக்டோபர் இறுதியில் இஸ்ரேல், பிரித்தானியா, பிரான்ஸ் ஆகிய மூன்றும் எகிப்தைத் தாக்கின. பாதுகாப்புச் சபையிற் பிரித்தானியாவும் பிரான்சும் இரத்து அதிகாரத்தைப் பயன்படுத்தி அதன் வாயை அடைத்தன. சாசனம் காக்கப்படாவிட்டாற் தாம் பதவியைத் துறக்கவும் ஆயத்தம் என்பதை ஹமர்ஷெல்ட் அச்சபைக்கு உணர்த்தினார். விடயம் இரத்து அதிகாரம் செல்லாத பொதுச் சபைக்குக் கொண்டுசெல்லப்பட்டது. கனடாவின் வெளிநாட்டமைச்சர் லெஸ்டர் பியர்சன், சண்டையிடும் படைகளுக்கிடையே நிற்பதற்கு ஐ.நா. படையொன்றை அனுப்பலாமென யோசனை கூறினார். அப்படியொரு படை அதற்கு முன் உலகில் இருந்ததில்லை. அதற்கான சட்டதிட்டங்களை ஹமர்ஷெல்ட்டும் அவரது உதவியாளர்களும் இரவு பகலாக எழுதி முடித்தனர். தூரத்திலிருந்தே அடையாளங் காணும்படி படையினரின் தலைக்கவசங்களுக்கு நீலவர்ணம் பூசப்பட்டது. நவம்பர் 15ஆந் திகதி முதலாவது அணி எகிப்தில் இறங்கியது. பத்து நாடுகளின் வீரர்கள் அதிற் பங்குபற்றினர். செயலாளர் நாயகத்திற்கு ஆலோசனை கூற அமைக்கப்பட்ட ஏழு நாடுகளின் குழுவிற் சபைக்குப் புதிதாய் வந்த இலங்கையும் இடம்பெற்றது.

இந்த வெற்றிக்கு ஒரு காரணம் உண்டு. அமெரிக்கா, சோவியத் யூனியன் இரண்டுமே அப்போரை விரும்பவில்லை. அதே நாட்களில் ஹங்கேரியில் நடந்ததைப் பாருங்கள். நவம்பர் 4ஆந் திகதி சோவியத் தாங்கிகள் புடாபெஸ்ட் நகருக்குள் புகுந்து மக்கள் எழுச்சியை நசுக்கின. கர்தினால் மின்சென்டி அமெரிக்கத் தூதரகத்திற் தஞ்சம் புகுந்த துயர வரலாற்றை நம் மூத்தோர் அறிவர். பாதுகாப்புச் சபைத் தீர்மானத்தைச் சோவியத் யூனியன் தன் இரத்து அதிகாரத்தால் வீழ்த்தியது. பொதுச் சபை கண்டித்தது. இலங்கையும் அங்கம் வகித்த ஐவர் விசாரணைக் குழு ஹங்கேரிக்குள் நுழையவே அனுமதி பெறவில்லை. தப்பி வந்தோரிடம் சாட்சியம் பெற்று 1957இல் அறிக்கை வெளியிட்டது. அதற்கு மேல் எதுவும் நடக்கவில்லை.

ஒரே மாதம், ஒரே சபை, ஒரே செயலாளர் நாயகம். ஓரிடத்தில் வெற்றி, மற்ற இடத்திற் தோல்வி. ஐ.நா. சபைக்குத் தனக்கென்று படையோ வரிப்பணமோ கிடையாது. அங்கத்துவ நாடுகள் கடனாகக் கொடுக்கும் பலமே அதன் பலம். வல்லரசு ஒன்றே குற்றவாளியாக நிற்கும்போது அந்தக் கடன் கிடைப்பதில்லை.

கொங்கோவின் சிலுவை

1960 யூன் 30ஆந் திகதி பெல்ஜியத்திடமிருந்து கொங்கோ சுதந்திரம் பெற்றது. மேற்கு ஐரோப்பாவுக்கு ஒப்பான பரப்புடைய அந்நாட்டிற் பட்டதாரிகள் மிகச் சிலரே இருந்தனர். ஒரு வாரத்துக்குள் இராணுவத்திற் கலகம் மூண்டது. பெல்ஜியப் படைகள் மீண்டும் புகுந்தன. செம்பும் கோபால்ட்டும் நிறைந்த கட்டங்கா மாகாணம் மொயிஸ் ஷோம்பேயின் தலைமையிற் தனிநாடாகப் பிரிவதாக அறிவித்தது. சுரங்க முதலாளிகளும் வெள்ளைக் கூலிப்படையினரும் அவர் பக்கம் நின்றனர். கொங்கோவின் அதிபர் கசவுபுவும் பிரதமர் லுமும்பாவும் ஐ.நா.வின் உதவியைக் கோரினர். சமாதானத்துக்கு ஆபத்து என்று செயலாளர் நாயகம் தாமாகவே பாதுகாப்புச் சபையைக் கூட்டுவிக்க இடந்தரும் 99ஆம் உறுப்புரையை ஹமர்ஷெல்ட் முதன்முறையாகப் பயன்படுத்தினார். ஏறக்குறைய 20,000 பேர் கொண்ட படை அங்கு சென்றது.

அங்கே அவர் எல்லோருக்கும் பகையானார். கட்டங்காவைப் படைபலத்தால் அடக்கவில்லை என்று லுமும்பா கோபித்தார். கட்டங்காவை விட்டுவைக்கவில்லை என்று பெல்ஜியத்திலும் பிரித்தானியாவிலும் பலர் கோபித்தனர். பதவி நீக்கப்பட்ட லுமும்பா 1961 ஜனவரி 17ஆந் திகதி கட்டங்காவிலே கொல்லப்பட்டார். அவரை ஐ.நா. காப்பாற்றவில்லை என்ற குற்றச்சாட்டு ஹமர்ஷெல்ட்டின் பெயரோடு இன்றுவரை ஒட்டியிருக்கிறது. அதனை மறைத்து அவரைப் புகழ்வது முறையன்று. பக்கஞ்சாராமை என்பது சிலவேளை பலவீனமானவரைத் தனியே விட்டுவிடுவதாக முடியக்கூடும் என்பதற்கு அது சாட்சி.

இதற்கிடையே 1960ஆம் ஆண்டுப் பொதுச் சபைக் கூட்டத்திற் சோவியத் தலைவர் குருஷேவ், செயலாளர் நாயகம் பதவி விலகவேண்டும், அப்பதவிக்கு மூன்று அணிகளின் சார்பில் மூவரை நியமிக்கவேண்டும் என்று முழங்கினார். மூவரும் ஒத்துக்கொண்டாலன்றி எதுவும் நடவாத ஏற்பாடு அது. ஒக்டோபர் 3ஆந் திகதி ஹமர்ஷெல்ட் எழுந்து அமைதியாகப் பதிலளித்தார். இந்தச் சபை வல்லரசுகளுக்குத் தேவைப்படுவதைவிட மற்ற எல்லா நாடுகளுக்குமே தேவைப்படுகிறது, அந்நாடுகள் விரும்பும்வரை தாம் பதவியில் இருக்கப்போவதாகக் கூறினார். புதிதாகச் சுதந்திரம் பெற்ற நாடுகள் எழுப்பிய கரகோஷத்தால் மண்டபம் அதிர்ந்தது. அந்த ஒரு ஆண்டில் மட்டும் பதினாறு ஆபிரிக்க நாடுகள் சபையிற் சேர்ந்திருந்தன.

பணமோ இன்னொரு தலையிடி. கொங்கோப் பணிக்குத் தம் பங்கைச் செலுத்த சோவியத் யூனியனும் பிரான்சும் மறுத்தன. கடன்பத்திரம் விற்றுச் செலவு பார்க்கும் நிலைக்கு ஐ.நா. தள்ளப்பட்டது.

கடைசிப் பயணம்

1961 செப்டெம்பரில் கட்டங்காவில் ஐ.நா. படைக்கும் ஷோம்பேயின் படைக்கும் சண்டை வெடித்தது. போர்நிறுத்தம் பேச ஹமர்ஷெல்ட் தாமே புறப்பட்டார். சந்திப்பு வட றொடீசியாவின் இண்டோலா நகரில் நடைபெற ஏற்பாடாயிற்று. இன்று அது சம்பியா நாட்டிலுள்ளது. செப்டெம்பர் 17ஆந் திகதி பிற்பகல் லெயோபோல்ட்வில் நகரிலிருந்து அவரது விமானம் கிளம்பியது. கட்டங்காவின் போர் விமானத்துக்கு அஞ்சிச் சுற்றுப்பாதையிற் பறந்தது. நள்ளிரவுக்குப் பின் இண்டோலாவை அணுகிய விமானம் இறங்கவில்லை. மறுநாட் பிற்பகலிலேயே காட்டுக்குள் அதன் சிதைவுகள் கண்டுபிடிக்கப்பட்டன. அதிற் சென்ற பதினாறு பேரும் மாண்டனர். ஒருவர் மாத்திரம் சில நாட்கள் உயிரோடிருந்து பின்னர் இறந்தார். அப்போது ஹமர்ஷெல்ட்டுக்கு வயது ஐம்பத்தாறு. அவ்வாண்டின் நோபல் சமாதானப் பரிசு அவரது மறைவுக்குப் பின் அவருக்கு வழங்கப்பட்டது. உடல் உப்சலா நகரிற் குடும்பக் கல்லறையில் அடக்கஞ் செய்யப்பட்டது.

அவர் கடைசியாகத் தங்கிய லெயோபோல்ட்வில் அறையிற் படுக்கையருகே ஒரு நூல் இருந்தது. நம் இல்லங்களிலும் மடங்களிலும் தலைமுறை தலைமுறையாக வாசிக்கப்பட்ட தோமஸ் அ கெம்பிசின் கிறிஸ்துநாதர் அநுசாரமே அது. பக்க அடையாளமாக அதனுள் வைக்கப்பட்டிருந்தது, அவர் எடுத்துக்கொண்ட பதவிப் பிரமாணம் எழுதிய அட்டை. அவரது நியூ யோர்க் வீட்டிற் கிடைத்த நாட்குறிப்பு 1963இல் நூலாக வெளிவந்தது. தாம் சந்தித்த மன்னர்களையும் பிரதமர்களையும் பற்றி அதில் எதுவும் இல்லை. இறைவனுக்கும் தமக்குமிடையே நடந்த கணக்கு மாத்திரமே அதில் இருந்தது. ஐ.நா. தலைமையகத்திற் சகல சமயத்தவரும் மௌனமாய் அமர்ந்திருக்க ஒரு தியான அறையை அவர் அமைப்பித்திருந்தார். அதன் நடுவே படமோ சொரூபமோ இல்லை. சுவீடனிலிருந்து கொணர்ந்த இரும்புத்தாதுப் பாறை ஒன்றின்மீது ஒளி விழுகிறது. ஆயுதமும் அந்த உலோகத்திலிருந்துதான் பிறக்கிறது, கலப்பையும் அதிலிருந்துதான் பிறக்கிறது.

இன்று நாம் காண்பது என்ன?

அவர் இறந்து அறுபது ஆண்டுகளுக்கு மேலாகின்றன. அந்த விமானம் தானாக விழுந்ததா, வீழ்த்தப்பட்டதா என்பது இன்னும் தீர்மானமாகவில்லை. றொடீசிய விசாரணைக் குழு விமானியின் தவறு என்றது. 1962இல் ஐ.நா. குழு எதையும் உறுதியாகச் சொல்லமுடியாது என்றது. 2015 முதல் தன்சானியாவின் முன்னாட் பிரதம நீதியரசர் மொகமட் சாண்டே ஒத்மான் இதனை மீளாய்வு செய்து, வெளித்தாக்குதல் நடந்திருக்கக்கூடும் என்றும், சில அங்கத்துவ நாடுகளின் இரகசியக் கோவைகளில் இன்னும் தகவல் உண்டு என்றும் அறிக்கையிட்டார். தம் செயலாளர் நாயகம் எப்படி இறந்தார் என்று கேட்கும் சபைக்கே அதன் அங்கத்துவ நாடுகள் கோவைகளைத் திறந்து காட்டத் தயங்குகின்றன. இதைவிடத் தெளிவாக அச்சபையின் நிலையை யார் எடுத்துச் சொல்லமுடியும்?

மற்ற நோய்களும் பழையனவே. 2022 பெப்ரவரியில் உக்ரேன்மீது படையெடுத்த ரஷ்யா, தன்னைக் கண்டிக்கும் தீர்மானத்தைத் தானே இரத்துச் செய்தது. காசாவில் உடனடிப் போர்நிறுத்தம் கோரிய தீர்மானங்களை 2023 முதல் அமெரிக்கா பலமுறை இரத்துச் செய்தது. 2025 ஜனவரியில் உலக சுகாதார நிறுவனத்திலிருந்து விலகும் கட்டளையில் அமெரிக்க ஜனாதிபதி கையொப்பமிட்டார். அதே ஆண்டிற் பணம் போதாமல் உலக உணவுத் திட்டம் பல அகதி முகாம்களிற் பங்கீட்டைக் குறைத்தது. 193 நாடுகள் அங்கம் வகிக்கும் சபையிற் சில நாடுகள் பணப்பையின் வாயைக் கட்டினாற் பட்டினி கிடப்பது அந்த நாடுகளின் பிள்ளைகள் அல்லர்.

தமிழ் வாசகராகிய நமக்கு இன்னுமொரு மனக்கசப்பு உண்டு. 2008 செப்டெம்பரில் ஐ.நா. பணியாளர்கள் கிளிநொச்சியை விட்டு வெளியேறியபோது, போகவேண்டாமென்று நம் மக்கள் கெஞ்சி நின்றதை யாரும் மறக்கவில்லை. 2012 நவம்பரில் வெளியான ஐ.நா.வின் சொந்த உள்ளக ஆய்வறிக்கையே, இலங்கைப் போரின் இறுதிக் கட்டத்திற் சபை தன் கடமையிற் தவறியது என்று ஏற்றுக்கொண்டது. அங்கத்துவ நாடுகள் அக்கறை காட்டவில்லை என்பதோடு, உள்ளதைத் துணிந்து கூற உயர் அதிகாரிகள் தயங்கினர் என்பதையும் அது சுட்டிக்காட்டியது. ஹமர்ஷெல்ட் அமர்ந்திருந்த கட்டடத்திலேயே அவர் கற்பித்த பாடம் மறக்கப்பட்டது. நாடுகள் பலம் தராதபோதும் உண்மையைச் சொல்லும் பலம் உத்தியோகத்தரிடம் எஞ்சியிருக்கிறது. அதனையும் இழந்தால் சபையில் எதுவும் மிஞ்சாது.

அப்படியானால் இச்சபை நமக்கு வேண்டாமா? வாசகர்களே, ஆறுதலாகச் சிந்தியுங்கள். படையும் பணமும் உள்ள நாடு எந்தச் சபையும் இன்றித் தன் காரியத்தைச் சாதித்துக்கொள்ளும். சட்டத்தைத் தவிர வேறு வேலி இல்லாதவர் சிறியவரே. வேலி பழுதாயிருக்கிறது என்பதற்காக அதைப் பிடுங்கி எறிந்தால் நட்டம் யாருக்கு? பழுதைச் சுட்டிக்காட்டித் திருத்தும்படி கேட்பதே நமக்கு நல்லது. 2012இன் அறிக்கை வெளிவந்ததும் அப்படிக் கேட்டவர்கள் இருந்ததனாலேயே.

ஹமர்ஷெல்ட் சென்ற வழியில் வெற்றி நிச்சயமாயிருக்கவில்லை. எகிப்தில் அவர் நிறுத்திய படை 1967இல் எகிப்தின் கோரிக்கைப்படி வெளியேற, சில நாட்களில் மீண்டும் போர் மூண்டது. கொங்கோவில் சுமார் 250 ஐ.நா. பணியாளர்கள் உயிரிழந்தனர். ஆயினும் பத்தாண்டுகள் சினாயிற் குண்டு விழாமலிருந்தது. கொங்கோவும் துண்டாடப்படவில்லை. அந்தப் பத்தாண்டுகளிற் பிறந்து வளர்ந்த பிள்ளைகளின் பெற்றோருக்கு அது சிறிய காரியமன்று.

உங்கள் வீட்டில் உயர்வகுப்புப் படிக்கும் மகனோ மகளோ இருந்தால் இவரைப் பற்றிச் சொல்லுங்கள். நாளை அவர்கள் அரசாங்கத்திலோ பொது நிறுவனத்திலோ உத்தியோகம் பார்க்கக்கூடும். மேலிடத்தார் விரும்பாத உண்மையொன்றை எழுதவேண்டிய நாள் அவர்களுக்கும் வரும். பதவிப் பிரமாணத்தைச் செப நூலுக்குள் வைத்து வாசித்த ஒரு மனிதர் இருந்தார் என்பது அந்நாளில் அவர்களுக்கு நினைவிருக்கட்டும்.